காப்புக் கட்டிய விமானி

ஏப்ரல் 8, செவ்வாய்

இன்று விழுந்தேன்.

விழுந்தேன் என்று எழுதினால் அம்மா என்றைக்காவது படித்துவிட்டு அழுவாள். 'இறங்கினேன்' என்றே வைத்துக்கொள்வோம். கிளைடர் இறங்குவதற்கென்று ஓடுபாதை இருக்கிறது. நான் இறங்கியது மேலப்பாறைப்பட்டி முப்பிடாதி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், அறுவடை முடிந்த உளுந்துக் காட்டில். வழியில் இடது இறக்கை ஒரு முருங்கைமரத்தில் பட்டது. மரம் முறிந்தது, இறக்கை நுனியும் முறிந்தது, விமானம் ஒரு சுற்றுச் சுற்றிக் கோயிலைப் பார்த்தபடி நின்றது. முருங்கை என்பதால் பிழைத்தேன். புளியமரமாக இருந்திருந்தால் இதை எழுத ஆள் கிடையாது.

இடது மணிக்கட்டு பூரியாக வீங்கிவிட்டது. எழுதுகிற கை வலது கை என்பதால் உலகத்துக்கு நஷ்டமில்லை.

நடந்தது இதுதான். கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. தரையில் இருக்கும் வின்ச் இயந்திரம் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டி இழுக்க, பட்டம்போல மேலே ஏறும். பிறகு கயிற்றைக் கழற்றிவிட்டு, சூடான நிலத்திலிருந்து எழும் காற்றைத் தேடிப்பிடித்து அதற்குள் வட்டமடித்தால் மேலும் ஏறலாம். பிடிக்கத் தெரியாவிட்டால் இறங்கலாம். காற்று கண்ணுக்குத் தெரியாது, பருந்து தெரியும். பருந்து வட்டமிடும் இடத்தில் ஏறுகாற்று இருக்கும். எங்கள் கிளைடர் முகாமின் பயிற்சியாளர் கிரிதரன் சார் சொல்லித்தந்த முதல் பாடம் இது. நானும் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கும்போது வருடம் தவறாமல் சொல்வேன்.

இன்று மலையடிவாரத்தில் உயரம் குறைந்துகொண்டே வந்தபோது, இந்த ஊருக்குப் பின்னாலுள்ள பாறைக்கு மேலே ஐந்தாறு செம்பருந்துகள் வட்டமிட்டதைப் பார்த்தேன். நம்பிப் போனேன். அங்கே ஏறுகாற்று இல்லை. மலையைத் தாண்டி வந்து கீழே அமுக்குகிற காற்றுதான் இருந்தது. திரும்பிப் போக உயரம் போதவில்லை.

எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தேன். அதுதான் பிரச்சினை. தப்பாகச் செய்து விழுந்திருந்தால் திருத்திக்கொள்ளலாம்.

கோயிலில் அப்போது கால்நாட்டு நடந்துகொண்டிருந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கொடைத் திருவிழாவுக்கு இன்று பந்தக்கால் ஊன்றுகிறார்கள். மேளம் நின்றுவிட்டது. முதலில் ஓடிவந்தவள் பேச்சித்தாய். அவள் புருஷன் சொரிமுத்து இந்த ஊரில் கறிக்கடை வைத்திருக்கிறார். அவள் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கோயிலுக்கு அரைத்திருந்த மஞ்சளில் ஒரு கை அள்ளிச் சுண்ணாம்பு கலந்து மணிக்கட்டில் பத்துப் போட்டாள். சுற்றிக்கட்டத் துணி வேண்டுமே. கையில் கிடைத்தது மஞ்சள் நனைத்த துணிக்கிழிசல்.

யாரென்று கேட்டாள், டீச்சர் என்றேன். பின்னாலேயே ஊர்த்தலைவர் ஆவுடையப்பன் வந்தார். என் கையைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"காப்புக் கட்டியாச்சா. அம்மையே ஆளனுப்பி எறக்கிருக்கா பாத்தியளா. காப்புக் கட்டுன பெறவு கொடை முடியந்தட்டியும் ராத்தங்கல் வெளியூர்ல கூடாது டீச்சர். இங்கனதான் இருக்கணும்."

பேச்சித்தாய் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்குத் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டேன். அவள் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள்.

தென்காசி ஆஸ்பத்திரிக்கு இரண்டு வேன் ஜனம் கூட வந்தது. எலும்பு முறியவில்லை, சுளுக்கு, ஒரு வாரம் ஓய்வு என்று டாக்டர் சொன்னார். பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். பேச்சித்தாய் வீட்டில் படுக்கை. என்ன செய்வது, ஊர்க் கட்டுப்பாடு.

ஏப்ரல் 9, புதன்

காலையில் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து போன் செய்தாள். உயிர் தப்பியதற்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லி முடித்ததும் சண்டை ஆரம்பித்தது.

"ஏட்டி பியூலா, காப்பா கட்டிருக்க? ஒங்க தாத்தா உபதேசியாரு. லெந்து நோன்பு நாள்ல அவரு பேத்தி முப்பிடாதி கோயில்ல காப்புக் கட்டி ஒக்காந்திருக்கா. சபைல நான் என்னன்னு சொல்லுவேன்?"

"மருந்துக் கட்டுன்னு சொல்லும்மா."

"அப்ப மருந்துக் கட்டா, காப்பா?"

சிக்னல் சரியில்லை. வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

விசாரணை அதிகாரி வந்து விமானத்தைப் படம் எடுத்து, என்னிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். மதியத்துக்கு மேல் கிரிதரன் சார் டிரெய்லருடன் வந்தார். முன்னாள் விமானப்படை. சொற்களை மாதக் கடைசிச் சம்பளப் பணம்போலச் செலவழிப்பவர். உடைந்த இறக்கையைத் தடவிப் பார்த்தார். என்னையும் ஏறக்குறைய அதே மாதிரிதான் பார்த்தார்.

"கை எப்படி?"

"பரவாயில்ல சார்."

"புதன்கிழமை முகாம் முடியுது. வின்ச் அன்னிக்கே பெங்களூருக்குத் திரும்பிடும். அதுக்குள்ள ரெண்டு சீட் விமானத்துல என்கூட ஒரு தடவை ஏறிடு. விழுந்தவங்க அந்த முகாம்லேயே ஏறணும். அடுத்த வருஷம்னு தள்ளிப்போட்ட யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல."

அவர் சொல்வது உண்மை. தூத்துக்குடி டாக்டர் ஒருவர் இப்படித்தான் போனார், இப்போது தோட்டம் போடுகிறார். எனக்குத் தோட்டத்தில் ஆர்வமில்லை. பதினான்கு வருடம் சீட்டுக் கட்டியும் நகையை வைத்தும் கற்றுக்கொண்டது இது. இது போனால் என்னிடம் மிச்சமிருப்பது பத்தாம் வகுப்பு 'பி' பிரிவுதான்.

ஆனால் காப்பு இருக்கிறதே. அதைச் சொன்னேன். கொடை செவ்வாய் ராத்திரி முழுக்க நடக்கும், முடிவது புதன் காலையில், தூக்கமில்லாமல் எப்படிப் பறப்பது என்றும் சொன்னேன்.

"ஓ," என்றார் கிரிதரன் சார். டிரெய்லரோடு போய்விட்டார்.

சாயங்காலம் சொரிமுத்து ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார். தினமும் கொண்டுவருகிறார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் நான் கறி சாப்பிடுவதில்லை என்றால் முகம் செத்துப்போகிறது. இன்று கதவோரம் நின்று கேட்டார்.

"டீச்சர், வானத்துல அவ்வளவு எடம் கெடக்கு, நீங்க ஏன் எங்க பாறைப் பக்கம் வந்திய?"

"பருந்து வட்டமிட்டுச்சு அண்ணாச்சி. அதப் பாத்துத்தான் வந்தேன்."

கிண்ணத்தில் இருந்த சூப்பை அவரே குடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஏப்ரல் 11, வெள்ளி

ஒற்றைக் கையால் சின்ன வெங்காயம் உரிப்பது விமானம் ஓட்டுவதைவிடக் கடினம். பேச்சித்தாயும் நானும் ஒரு சுளவு நிறைய உரித்தோம். கொடைக்கு வெளியூரிலிருந்து கொழுந்தன்மார் குடும்பம் மொத்தமும் வருகிறதாம். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. புருஷனைப் பற்றி, கொழுந்தன் பெண்டாட்டியைப் பற்றி, தலைவர் வீட்டில் இரவல் வாங்கிய அண்டாவைப் பற்றி எல்லாம் சொன்னாள். திடீரென்று குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், ஒங்களுக்கு நான் கட்டுனது வெறும் பத்து. நீங்களும் பாத்துக்கிட்டுத்தான இருந்திய. தலைவர்ட்ட நான் வேணா சொல்லிருதேன். நீங்க வீட்டப் பாத்துப் போலாம்லா."

திருவிழா நேரத்தில் ஊரைக் குழப்பவேண்டாம், பெரியவர் மனசு சங்கடப்படும் என்றேன். பிறருடைய நம்பிக்கையை மதிப்பது நல்ல பண்பு. அதைத்தான் செய்தேன்.

அவள் ஒரு வெங்காயத்தை உரித்து முடிக்கும்வரை என்னைப் பார்த்தாள். "சரி, இருங்க. நமக்கும் வெங்காயம் உரிக்க ஆள் வேணும்" என்றாள்.

வெங்காய வடகம் பிழிந்து மொட்டைமாடியில் காயப்போட வேண்டும், மேலே வாருங்கள் என்று கூப்பிட்டாள். வெயில் அதிகம். கீழேயே இருந்துகொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

வடகத்தைத் திருப்பிப்போட மறுபடி கூப்பிட்டாள். இன்றும் வெயில். அவள் போனது சூரியன் இறங்கிய பிறகு என்பதையும் நேர்மைக்காகக் குறித்துவைக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. விவரம் தெரிந்த நாளிலிருந்து இன்றுதான் முதல்முறையாகக் கோயிலுக்குப் போகவில்லை. எங்கள் கோயிலுக்கு என்கிறேன். முப்பிடாதி கோயிலுக்கு வீட்டு வாசல்வரை ஒலிபெருக்கி வருவதால் போகாமலேயே போனமாதிரிதான்.

பந்தலுக்குத் தென்னங்குருத்துக் கிழித்து மிச்சம் கிடந்தது. பல்லாலும் ஒரு கையாலும் ஒரு சிலுவை முடைந்தேன். பேச்சித்தாய் வாங்கிப் பார்த்து, நன்றாயிருக்கிறதே என்று வாசல்படியில் வேப்பங்குலைக்குப் பக்கத்தில் செருகிவைத்தாள். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கைகூப்பும் பொம்மை வந்தது, திட்டு வரவில்லை. பக்கத்திலிருந்த வேப்பிலை அவள் கண்ணில் பட்டிருக்காது.

மத்தியானம் தூங்கும்போது விமானம் அமுங்கியது. பாறை கிட்டே வந்தது. நான் பிடித்து இழுத்தது பேச்சித்தாயின் தலையணையை. விழித்தபோது அவள் விசிறியால் எனக்கு வீசிக்கொண்டிருந்தாள். கரண்ட் போய்விட்டதாம். கத்தினேனா என்று கேட்டேன்.

"இல்ல, பாட்டுப் படிச்சிய" என்றாள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி. வீட்டில் விருந்தாட்கள் பதினைந்து பேர், எல்லோரும் என் கையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள். ஒரு அம்மாள் மகளுக்குக் கல்யாணம் எப்போது கூடும் என்று என்னிடம் குறி கேட்டாள். கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரியிடம் கேட்கிற கேள்வியா. ஆவணியில் என்று சொல்லிவிட்டேன்.

கிரிதரன் சாரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'புதன் காற்று நன்றாக இருக்கும்.' பதில் போடவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

கொடை. இன்று நடந்ததைப் பைய எழுத வேண்டும்.

மதியக்கொடைக்கு அருவித் தீர்த்தம் எடுத்து வருவார்கள். தீர்த்தக்குடம் கோயில் எல்லையைத் தொடும்போது கருடன் வந்து வட்டமிட வேண்டும். இந்த ஊர்க் கொடைக்குக் கருடன் தவறுவதேயில்லை என்று தலைவர் வாரம் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தார். கருடன் என்பது வேறொன்றுமில்லை, செம்பருந்துதான்.

ஜனம் முழுக்கக் கோயில் வாசலில். மேளமும் குலவையும் காதைப் பிளந்தன. எனக்குத் தலை வலித்தது. கொஞ்சம் ஒதுங்கலாம் என்று பாறைக்குப் பின்பக்கம் போனேன்.

அங்கே சொரிமுத்து நின்றார். காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதிலிருந்து ஆட்டுக் குடலும் ஈரல் துண்டும் எடுத்துப் பாறைமேல் வீசிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோப்பிலிருந்து செம்பருந்துகள் வந்தன. ஒன்று, மூன்று, ஆறு. றெக்கையை அடித்து அடித்து மேலேறி, வட்டமிட்டு, பொத்தென்று இறங்கித் தூக்கிக்கொண்டு போயின. ஏறுகாற்றில் மிதக்கிற பருந்து றெக்கையை அசைக்காது. இவை துணி துவைப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தன.

கோயில் வாசலில் ஒலிபெருக்கி கரகரத்தது. "கருடன் வந்துட்டு, கருடன் வந்துட்டு." குலவை வானத்தைத் தொட்டது.

"அண்ணாச்சி," என்றேன்.

வாளி உருண்டது. மனுஷன் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

"கால்நாட்டு அன்னைக்கும் இதானா?"

"ஆமா டீச்சர்." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "ஒரு வருசம் கருடன் வரல. தெய்வக்குத்தம்னு சொல்லி மேலத்தெருக்காரனும் கீழத்தெருக்காரனும் அடிச்சுக்கிட்டானுவ. கொடை பாதியில நின்னுபோச்சு. அதுக்கப்புறம் எங்கடைக் கழிவுதான் கருடனக் கூட்டியாருது. யாருக்கும் தெரியாது. நீங்க அதப் பாத்து வந்து விழுவியன்னு சத்தியமா நெனைக்கல. ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு, கை வலிக்கிற அளவுக்குச் சிரித்தேன். இயற்பியல் பொய்க்கவில்லை. காற்று என்னை ஏமாற்றவில்லை. ஏமாற்றியது ஒரு வாளி குடல். நானும் றெக்கையைக் கவனிக்காமல், வட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பாய்ந்தேன். அது தப்பு. தப்பு என்று ஒன்று கிடைத்ததில் இவ்வளவு சந்தோஷம் வரும் என்று எனக்குத் தெரியாது.

சொரிமுத்து பயந்துபோய் நின்றார்.

"தலைவர்ட்ட சொல்லிராதிய டீச்சர்."

"சொன்னா?"

"சொல்ல மாட்டிய." தரையைப் பார்த்தபடி சொன்னார். "ஒங்க காப்பு வெறும் பத்துன்னு நான் யார்ட்டயாவது சொன்னனா?"

பேச்சித்தாய்க்கு வாய் சும்மா இருக்காது என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

உருண்ட வாளியை எடுத்து நிமிர்த்தி வைத்தார். பிறகு அவர்தான் கேட்டார். "போணும்னு இருந்தா நீங்க அன்னைக்கே போயிருக்கலாம்லா. ஒங்க சார் வண்டியோட வந்தாரு. ஏன் டீச்சர் போகல?"

வெங்காயம், வெயில், பெரியவர் மனசு எல்லாம் நாக்குநுனிவரை வந்தன. ஆனால் கையில் குடல் நாற்றத்தோடு நிற்கிற ஒருவரிடம் நாகரிகமாகப் பொய் சொல்ல வரவில்லை.

"பயமாருக்கு அண்ணாச்சி. மேல பாக்கவே பயமாருக்கு."

அவர் தலையாட்டினார். "நாளைக்குக் காலைல குட்டியானை சும்மாதான் நிக்கும்" என்றார். அது அவர் ஆட்டை ஏற்றுகிற சின்ன லாரி.

ஏப்ரல் 16, புதன்

சாமக்கொடை முடிந்து விடியும்போது எல்லோருக்கும் காப்பு அவிழ்த்தார்கள். பூசாரி என் கட்டை அவிழ்த்ததும் உள்ளிருந்து மஞ்சள் பத்து பாளம் பாளமாக உதிர்ந்தது. பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். துணியைக் கூடையில் போட்டுவிட்டு, அடுத்தவர் கையைப் பிடித்தார். வீக்கம் சுத்தமாக வடிந்திருந்தது.

ஒரு தூக்கம் போட்டு எழுந்தபோது, பேச்சித்தாய் ஒரு சம்படம் நிறைய வடகம் கட்டிவைத்திருந்தாள். "மேல வந்து ஒரு நாளும் திருப்பிப்போடல, ஆனாலும் திங்கலாம்" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்த வாரம் எனக்குக் கிடைத்த அக்கா அவள். குட்டியானையில் ஆட்டு வாசனைக்கு நடுவே உட்கார்ந்து ஓடுபாதைக்கு வந்தேன். பாதித் தூரத்தில் வண்டியைத் திருப்பச் சொன்னேன். சொரிமுத்துக்குக் காது கேட்கவில்லை. நேற்றுவரை நன்றாகக் கேட்டது.

முகாமில் கூடாரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ரெட்டை இருக்கை விமானம் மட்டும் ஓடுபாதையில் கயிறு மாட்டி நின்றது. கிரிதரன் சார் பின் இருக்கையில் ஏற்கெனவே பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தார். எவ்வளவு நேரமாக என்று நான் கேட்கவில்லை.

இறக்கையைப் பிடிக்க ஆள் குறைந்தது. நிற்கிற கிளைடர் ஒரு பக்கம் சாய்ந்துதான் கிடக்கும். ஒருவர் அதன் இறக்கை நுனியைத் தூக்கி மட்டமாகப் பிடித்தால், ஓடுபாதையின் மறுகோடியில் வின்ச்சில் இருப்பவருக்கு அதுதான் 'இழு' என்ற சமிக்ஞை. சார் சொரிமுத்தைக் கூப்பிட்டார். "முன்னால இருக்கிற அம்மா கையக் காட்டினா தூக்குங்க. அது வரைக்கும் தொடாதீங்க."

ஏறி உட்கார்ந்தேன். கண்ணாடி மூடியை மூடினேன். மேலே பார்த்தேன். நீலம், அவ்வளவுதான், வேறொன்றுமில்லை. பெல்ட்டை இறுக்கினேன், தளர்த்தினேன், மறுபடி இறுக்கினேன். சொரிமுத்து இறக்கை நுனியருகே கைகட்டி, சாமி முன்னால் நிற்பதுபோல, என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் போனது.

அவரைப் பார்த்துக் கையை அசைத்தேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவரும் திருப்பிக் கையசைத்தார். இறக்கையைத் தூக்கினார்.

கயிறு விறைத்தது. என் இடது கைக்குப் பக்கத்திலேயே ஒரு மஞ்சள் கைப்பிடி உண்டு. இழுத்தால் கயிறு கழன்று விமானம் அப்படியே நின்றுவிடும். கை அதன்மேல்தான் இருந்தது. இழுக்கவில்லை. புல் ஓடியது, சக்கரத்தின் தடதடப்பு நின்றது, தரை போய்விட்டது.

இருபத்தைந்து நிமிடம் பறந்தோம். மலைச்சரிவை ஒட்டி ஏறுகாற்று தாராளமாக இருந்தது. சார் ஒரு தடவைகூடக் கட்டுப்பாட்டைத் தொடவில்லை. நான் பாடிக்கொண்டிருந்ததாகப் பிறகு சொன்னார். இந்தத் தடவை உண்மையாகவே பாட்டாம்.

இறங்கியதும் சொரிமுத்து ஓடிவந்தார். "போயிட்டு வாரேன்னு கையக் காட்டுனிய, ஒடனே தூக்கிட்டேன். சரிதான டீச்சர்?"

கிரிதரன் சார் பெல்ட்டை அவிழ்த்தபடி என்னைப் பார்த்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து என் கை நன்றாகத் தெரிந்திருக்கும். எந்தப் பக்கம் அசைந்தது, எத்தனை தடவை அசைந்தது எல்லாம்.

"அது போயிட்டு வாரேனா, பியூலா? எனக்கு வேண்டாம்னு சொன்ன மாதிரி தெரிஞ்சுது."

போயிட்டு வாரேன்தான் சார் என்றேன். இங்கேயும் அப்படியே எழுதிவைக்கிறேன்.